பொதுநிலைக் குழுமம் ஒன்றில் ஏழு ஆண்டுகள்: ஒரு மதிப்புரை

கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றின் ஆன்மிகக் குடும்பத்தைச் சேர்ந்த பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாத கிறிஸ்தவர்கள்) குழுமத்தில் நான் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் ஆண்டு விருந்தினராகவும், அடுத்த ஐந்து ஆண்டுகள் பயிற்சியிலும், கடைசி ஓராண்டு நிலையான வாக்குறுதி கொடுத்த உறுப்பினராகவும் கழிந்தன. இப்படியொரு குழுமத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு, குழுமங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் அறிமுகத் தாள்கள் பெரிதாக உதவுவதில்லை. அவற்றில் சபை நிறுவுநரின் படம் இருக்கும், ஒரு செபம் இருக்கும், புனிதம் எல்லாருக்கும் உரிய அழைப்பு என்ற வாக்கியமும் இருக்கும். மாதத்தில் எத்தனை மணி நேரம் போகும், யார் கற்பிப்பார்கள், ஒத்துவராவிட்டால் விலக முடியுமா, வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் இருக்காது. அதனால்தான், ஒரு சேவையைப் பயன்படுத்தியவர் அதை மதிப்பிடுவது போலவே இதை எழுதுகிறேன். எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவை அந்தச் சபைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் வேறு ஆன்மிகக் குடும்பங்களைச் சேர்ந்த நண்பர்களிடம் பேசியதில் அறிந்துகொண்டேன்.

இத்தகைய குழுமங்களின் பெயர் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பிரான்சிஸ்கன், கார்மேல், தோமினிக்கன் மரபுகளில் பழைய வழக்கப்படி மூன்றாம் சபை என்பார்கள். துறவியர் முதல் சபை, அடைபட்ட மடத்தில் வாழும் கன்னியர் இரண்டாம் சபை, உலக வாழ்வில் இருப்போர் மூன்றாம் சபை என்பது அந்தக் கணக்கு. தோன் போஸ்கோவின் குடும்பத்தில் சலேசிய உடனுழைப்பாளர்கள் உண்டு. புனித ஆசீர்வாதப்பரின் மடங்களோடு இணைந்தவர்களை ஒப்லேட்டுகள் என்பார்கள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் வழியில் செல்வோருக்குக் கிறிஸ்தவ வாழ்வுச் சமூகம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தனது 303-ஆம் விதியில் மூன்றாம் சபைகளுக்கு இலக்கணம் தருகிறது: உலகில் வாழ்ந்துகொண்டே ஒரு துறவற நிறுவனத்தின் உணர்வில் பங்குகொண்டு, அந்நிறுவனத்தின் மேலான வழிநடத்துதலின் கீழ்த் திருத்தூது வாழ்வு வாழ்ந்து, கிறிஸ்தவ நிறைவை நாடுவோரின் சங்கம் என்பது அதன் சாரம். இந்த வரையறையில் நான் அடிக்கோடிட விரும்பும் சொல் 'உணர்வு'. நிறுவனத்தின் வேலைகளில் பங்கு என்று விதி சொல்லவில்லை. இந்த வேறுபாட்டின் கனம் எனக்கு நான்காம் ஆண்டில்தான் உறைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்பது. எங்கள் குழுமம் மாதத்துக்கு ஒருமுறை கூடும். கூட்டம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீளும். திருச்சபையின் காலைச் செபமான காலைப் புகழுடன் தொடங்கி, அன்றைய நற்செய்திப் பகுதியை இருமுறை வாசித்து, இருபது நிமிடம் மௌனமாக அமர்ந்திருப்போம். அதன்பின் பகிர்வு. பகிர்வுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: ஒருவர் பேசும்போது குறுக்கிடவும் கூடாது, அவர் பேசி முடித்த பின் அறிவுரை சொல்லவும் கூடாது. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த விதியைவிடக் கடினமான ஒன்றை நான் அங்கே சந்திக்கவில்லை. என் அலுவலகத்தில் நடக்காத வேலைக்குக் கணக்கு எழுதச் சொல்லி எனக்கு நெருக்கடி வந்திருந்த காலம் அது. அதை நான் பகிர்ந்துகொண்டபோது பதினோரு பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் என் அருகில் வந்து, "அந்தக் கணக்கு என்ன ஆச்சு, தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஒரு மாதம் முழுவதும் அவர் அதை மனத்தில் வைத்துச் செபித்திருக்கிறார் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. அன்றே ஏதாவது புத்திமதி சொல்லியிருந்தால், சொன்னதோடு அவரும் மறந்திருப்பார், நானும் மறந்திருப்பேன்.

பகிர்வுக்குப் பின் பயிற்சி வகுப்பு, அதன்பின் குழும அலுவல், குருவானவர் இருந்தால் திருப்பலி. அலுவல் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தச் சங்கத்திலும் அது அப்படித்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு வெளியே, நாள்தோறும் காலைப் புகழும் மாலைப் புகழும் சொல்ல வேண்டும், சிறிது நேரம் மனத்தால் செபிக்க வேண்டும், இரவில் அன்றைய நாளை இறைவன் முன்னிலையில் திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம் ஆகிறது. முதல் ஆறு மாதங்களில் மாலைப் புகழை நான் ஒழுங்காகச் சொன்ன நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதை ஒரு குறையாக ஒப்புக்கொண்டபோது, அப்போதைய பயிற்சிப் பொறுப்பாளர், விட்டுப்போன நாள்களை எண்ணிக்கொண்டிருக்காமல் சொன்ன நாள்களில் எப்படிச் சொன்னேன் என்று பார்க்கச் சொன்னார். கணக்கெழுதியே பிழைப்பவனுக்கு அது எளிதில் செரிக்கும் யோசனை அல்ல.

பயிற்சியின் கால அளவு குடும்பங்களுக்கிடையே வெகுவாக வேறுபடுகிறது. சேர விரும்புவோர் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன். பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபையில் தொடக்க அறிமுகத்துக்குப் பின் வரும் முறையான பயிற்சி குறைந்தது ஓராண்டு. அதன்பின் கொடுக்கும் வாக்குறுதி வாழ்நாள் முழுவதற்கும் உரியது. கார்மேல் பொதுநிலையினர் சபையின் 2003-ஆம் ஆண்டு அமைப்புச் சட்டப்படி, குழுமத்தோடு பழகிப் பார்க்கும் காலம், இரண்டாண்டுப் பயிற்சி, முதல் வாக்குறுதி, மேலும் மூன்றாண்டுகள், அதன்பின் நிலையான வாக்குறுதி என்று படிப்படியாகப் போகிறது. ஒப்லேட்டுகளுக்குப் பயிற்சிக் காலம் பொதுவாக ஓராண்டுதான். ஆனால் அவர்கள் ஒரு சபையோடு அல்லாமல் ஒரு குறிப்பிட்ட மடத்தோடு தங்களைப் பிணைத்துக்கொள்கிறார்கள், அந்த மடத்துத் துறவியரோடு வாழ்நாள் உறவு உண்டாகிறது. கிறிஸ்தவ வாழ்வுச் சமூகத்தில் ஆண்டுக் கணக்கைவிட இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளைச் செய்து முடிப்பதும், அதன் வழியே தேர்ந்து தெளியக் கற்றுக்கொள்வதுமே அளவுகோல். தற்காலிக அர்ப்பணம் முதலில், நிரந்தர அர்ப்பணம் பிறகு.

எனக்கு நீண்ட பயிற்சியே பொருந்தியது. முதலிரண்டு ஆண்டுகளில் எனக்கிருந்த ஆர்வத்தில் பாதி, சபையின் பழைய கட்டடங்கள் மீதும் துறவியர் அணியும் உடை மீதும் கொண்ட கவர்ச்சி என்பதை மூன்றாம் ஆண்டில்தான் உணர்ந்தேன். ஓராண்டில் வாக்குறுதி கொடுத்திருந்தால் அந்தக் கவர்ச்சிக்கே வாக்குக் கொடுத்திருப்பேன். ஆனால் காலம் நீண்டிருந்தால் மட்டும் போதாது. எங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்புகள் பெரும்பாலும் நிறுவுநரின் வாழ்க்கை வரலாற்றிலேயே கழிந்தன. பன்னிரண்டு மாதங்களும் அவர் பிறந்ததிலிருந்து இறந்தது வரை கேட்டோம். அவருடைய கடிதங்களில் ஒன்றைக்கூட அவர் எழுதியபடியே வாசிக்கவில்லை. பயிற்சி நூலின் மொழிபெயர்ப்போ, ஒரு வாக்கியத்தை மூன்று முறை படித்தாலும் எழுவாய் எங்கே என்று தேட வைக்கும். நான்காம் ஆண்டில் வாய்ப்புள்ளவர்கள் மூலநூலைப் பார்த்துச் சில அதிகாரங்களை நாங்களே எளிய நடையில் எழுதிக்கொண்டோம். அந்த வேலையே எங்களுக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது என்பது வேறு விஷயம்.

வரலாற்றைக் கற்பிப்பதானால் எதைக் கற்பித்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறவியர் மரம், பொதுநிலையினர் அதன் நிழலில் ஒதுங்கியவர்கள் என்ற எண்ணம் எங்களில் பலருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. பல குடும்பங்களின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1617-இல் ஷத்தியோன் என்னும் ஊரின் பங்குக் குருவாக இருந்த வின்சென்ட் தெ பால், ஒரு வீட்டில் எல்லாரும் நோயுற்றுக் கிடக்கிறார்கள் என்று மறையுரையில் சொல்ல, ஊரே உணவைச் சுமந்துகொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்தது. ஒரே நாளில் அத்தனை உணவு வந்தால் மிச்சம் கெட்டுப்போகும், நாளை மறுநாள் அந்த வீடு மறுபடியும் பட்டினி கிடக்கும் என்பதைக் கண்ட அவர், முறை வைத்து நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களின் அன்புச் சங்கத்தை அங்கே தொடங்கினார். அவருடைய குருக்கள் சபை 1625-இலும், லூயிஸ் தெ மரில்லாக்குடன் சேர்ந்து உருவாக்கிய பிறரன்புப் புதல்வியர் சபை 1633-இலும்தான் வந்தன. இல்லறத்தில் இருந்த பெண்களே அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகள்.

மரியானிஸ்ட் குடும்பத்தின் கதை இன்னும் தெளிவானது. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக நாடு கடத்தப்பட்டு ஸ்பெயினின் சரகோசாவில் மூன்றாண்டுகள் இருந்த குரு வில்லியம் ஜோசப் ஷாமினாத், 1800-இல் போர்தோ நகருக்குத் திரும்பியதும், சிதைந்து கிடந்த திருச்சபையை மீட்டெடுக்க முதலில் சேர்த்தது இளைஞர்களைக் கொண்ட மரியாயின் சங்கத்தை, துறவியரை அல்ல. 1801 பிப்ரவரி 2 அன்று அவர்கள் தங்கள் அர்ப்பணத்தைச் செய்தார்கள். வேறொரு பகுதியில், அதேல் என்ற இளம்பெண் தோழியரோடு கடிதங்கள் வழியே ஒரு செபக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அவர்களும் பின்னர் இந்தச் சங்கத்தில் இணைந்தார்கள். 1809-இல் நெப்போலியனின் அரசு சங்கத்தைத் தடை செய்தது. ஆட்சி மாறிய பின் அது மீண்டும் எழுந்தது. இந்தப் பொதுநிலைச் சங்கத்திலிருந்துதான் 1816-இல் பெண்களுக்கான துறவற சபையும், 1817-இல் ஆண்களுக்கான சபையும் பிறந்தன. சங்கத்தை வழிநடத்தும் இயக்குநர் இறந்துவிட்டால் சங்கமும் இறந்துவிடக் கூடாது, ஆகவே 'இறவாத மனிதர்' ஒருவர் தேவை, அந்த மனிதர் ஒரு துறவற சபைதான் என்பது அந்த மரபில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். பொதுநிலையினரின் பணி தொடர வேண்டும் என்பதற்காகத் துறவியர் தோன்றினார்கள். இன்று துறவியரின் பணி தொடர வேண்டும் என்பதற்காகப் பொதுநிலையினரைத் தேடுகிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றி ஒரு வகுப்பாவது நடந்திருந்தால், பிற்பாடு எங்கள் குழுமத்தில் வந்த சச்சரவுகள் பாதியாகக் குறைந்திருக்கும்.

இந்தத் தேடலுக்கு ஆள் பற்றாக்குறையே காரணம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அது முழுப் பொய்யும் அல்ல; பல நாடுகளில் துறவற இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதை யாரும் மறைக்கவில்லை. எனினும் இறையியல் அடித்தளம் அதற்கு முன்பே இடப்பட்டுவிட்டது. 1964-இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் புனிதத்துக்கான அழைப்பு திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் உரியது என்று தெளிவாக்கியது. 1965-இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றித் தனி ஆணை மடலே வெளியிட்டது. 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அர்ப்பண வாழ்வு பற்றிய தம் ஊக்க உரையில், தங்கள் தனிவரத்தை, அதாவது நிறுவுநர் வழியே வந்த சிறப்பு அருள்கொடையை, பொதுநிலையினரோடு பகிர்ந்துகொள்ள முடியும் என்ற முடிவுக்குப் பல சபைகள் வந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ், அர்ப்பண வாழ்வு ஆண்டுக்கான மடலில், ஒவ்வொரு துறவறக் குடும்பத்தையும் சூழ்ந்து அதைவிடப் பெரிய 'தனிவரக் குடும்பம்' ஒன்று இருக்கிறது என்றார். தனிவரம் என்பது சபையின் சொத்து அல்ல, தூய ஆவியார் திருச்சபைக்குக் கொடுத்தது. சபை அதன் காவலர் என்ற கருத்து இந்த ஆவணங்களில் எல்லாம் ஊடாடுகிறது. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நடப்பில் எப்படி இருந்தது என்றால், நான்காம் ஆண்டில் நாங்கள் கிட்டத்தட்ட விழா ஏற்பாட்டுக் குழுவாக மாறியிருந்தோம். சபை நடத்தும் நிறுவனங்களின் விழாக்களில் விருந்தினரை வரவேற்பது, நாற்காலி போடுவது, நன்கொடைப் பட்டியல் எழுதுவது என்று மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறுகள் போயின. எங்கள் மாதக் கூட்டமே இருமுறை அதற்காகத் தள்ளிவைக்கப்பட்டது. அழைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் அழைக்கவில்லை. கைகள் தேவைப்பட்டன, எங்களிடம் கைகள் இருந்தன. எங்கள் குழுமத்தின் மிக மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார்தான் பொறுக்க முடியாமல் ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்து, "ஃபாதர், நாங்கள் இங்கே சீடர்களா, சிப்பந்திகளா?" என்று கேட்டுவிட்டார். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் குருவானவர் கோபித்துக்கொள்ளாமல், ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்வதாகச் சொன்னார். சொன்னபடி வந்து, இனி விழா வேலைகளுக்குத் தனித்தனியாக விருப்பமுள்ளோரை மட்டும் கேட்பதாகவும், மாதக் கூட்டத்தை எதற்காகவும் தள்ளிவைக்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். ஒரு சேவையை மதிப்பிடும்போது குறை சொன்னால் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா. அந்த வகையில் எனக்கு மனநிறைவுதான்.

சியன்னா நகர் புனித கத்தரீன் தோமினிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை எல்லாரும் அறிவார்கள்; அவர் மடத்துக் கன்னியர் அல்லர், சாயத் தொழிலாளியான தந்தையின் வீட்டில் வாழ்ந்த பொதுநிலைப் பெண் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 33 வயதில் 1380-இல் இறந்த அவரை 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்கள். தோமினிக்கன் துறவியரின் விழாக்களுக்கு அவர் நாற்காலி போட்டாரா என்பது தெரியாது. அந்தச் சபையின் உணர்வை நோயாளிகளின் படுக்கை ஓரத்திலும் திருத்தந்தையின் அவையிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது தெரியும்.

அடுத்த ஆண்டு அந்தக் குருவானவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். புதியவர் வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. இந்தப் பதினான்கு மாதங்களை வைத்துத்தான் என் மதிப்பீட்டின் பெரும்பகுதியை எழுதுகிறேன். முதல் மூன்று கூட்டங்களில் வருகை பாதியாகக் குறைந்தது. அவருடைய மறையுரைக்காக வந்துகொண்டிருந்தவர்கள் யார் என்பது தானாகத் தெரிந்தது. யார் வகுப்பு எடுப்பது என்பதில் இருவருக்குள் மனத்தாங்கல் உண்டாயிற்று. ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்த துண்டறிக்கைகளில் இருந்த, உலக முடிவு பற்றிய தரிசனங்களை வகுப்பில் வாசிக்கத் தொடங்கினார். அது தவறு என்று உணர்ந்தவர்களுக்கும் ஏன் தவறு என்று எடுத்துச் சொல்லும் கல்வி இல்லை. இந்தப் பக்கத்தில் குழுமம் தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும். சட்டம் சொல்லும் 'மேலான வழிநடத்துதல்' அலங்காரச் சொல் அல்ல என்பதும், தங்களோடு இணைந்த சங்கங்களில் தங்கள் குடும்பத்தின் உண்மையான உணர்வு ஊறும்படி துறவற நிறுவனங்கள் தனி அக்கறையுடன் உதவ வேண்டும் என்று 677-ஆம் விதி ஏன் வற்புறுத்துகிறது என்பதும் அப்போது விளங்கியது.

மறுபக்கம், பகிர்வு ஒரு மாதமும் நிற்கவில்லை. படுக்கையில் விழுந்துவிட்ட உறுப்பினர் ஒருவரின் வீட்டில் வாரந்தோறும் இருவர் மாலைப் புகழ் சொன்னோம்; அதை யாரும் திட்டமிடவில்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆறாம் மாதத்தில், அதே குடும்பத்தின் பெண் துறவியர் சபையைச் சேர்ந்த அருள்சகோதரி ஒருவர் மூன்று முறை வந்து நிறுவுநரின் கடிதங்களை எங்களோடு சேர்ந்து வாசித்தார். வகுப்பு எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். கடிதத்தைக் கையில் கொடுத்து, ஒரு பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, இது இன்றைக்கு உங்கள் வேலையிடத்தில் எங்கே வந்து முட்டுகிறது என்று கேட்டார். இரண்டாம் ஆண்டின் பன்னிரண்டு வகுப்புகளும் எனக்குத் தராததை அந்த மூன்று மாலைகள் தந்தன. எங்களுக்குத் துறவியரிடமிருந்து வேண்டியிருந்தது இதுதான்: மரபைத் தம் வாழ்வாலும் படிப்பாலும் ஆழமாக அறிந்த ஒருவர், எங்கள் கேள்விகளுக்கு முன் அமர்ந்திருப்பது. நிர்வாகமும் வருகைப் பதிவும் கூட்டம் நடத்துவதும் எங்களாலேயே முடிந்த வேலைகள். பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபையின் சட்டம் இதை நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறது: பொறுப்பாளரையும் ஆலோசகர்களையும் உறுப்பினர்களே தம்முள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆன்மிகத் துணைவராக வரும் துறவியர் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றாலும் பண விவகாரங்களில் வாக்களிப்பதில்லை. சேருவதற்கு முன் இத்தகைய ஏற்பாடு உங்கள் குழுமத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பயன் என்ன என்ற கேள்வி. 1978-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பிரான்சிஸ்கன் பொதுநிலையினருக்கு அளித்த ஒழுங்கில் வெறும் 26 பிரிவுகள்தான். அதில் நற்செய்தியிலிருந்து வாழ்வுக்கும் வாழ்விலிருந்து நற்செய்திக்கும் சென்று வருதல் என்றொரு வரி இருக்கிறது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன்; இருந்தாலும் நான் பெற்றதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வரி எனக்குக் கிடைக்கவில்லை. அலுவலகக் கணக்கில் நான் கையொப்பமிடவில்லை. அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை, யாரும் மனம் மாறவும் இல்லை. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். ஆனால் மாற்றப்பட்ட இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதே மாதிரியான ஒரு தாளுடன் என் மேசைக்கு வந்து நின்றபோது, அவரிடம் பேருரை எதுவும் ஆற்றாமல் அவர் சொல்வதை முழுவதுமாகக் கேட்க முடிந்தது. நான்கு மணி நேரக் கூட்டங்களில் அடக்கி வைத்த நாக்கு அங்கேதான் எனக்கு உதவியது. சபையின் பணி இங்கே எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். எங்கள் சபைத் துறவியர் எவரும் என் அலுவலகத்துக்குள் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை என்பதே நான் சொல்லக்கூடிய பதில்.

என் மனைவி இந்தக் குழுமத்தில் உறுப்பினர் அல்லர். முதலிரண்டு ஆண்டுகளில் அவர் வைத்த குற்றச்சாட்டு நியாயமானது: செபத்துக்கு நேரம் ஒதுக்கினேன், வீட்டு வேலையிலிருந்து அதை ஒதுக்கினேன். பயிற்சியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இல்லறத்தாருக்கான பயிற்சியைத் துறவறத்தில் புகுமுகப் பயிற்சி பெறும் நவசந்நியாசிகளுக்கான பாடத்திட்டத்தைச் சுருக்கி உருவாக்கினால் இப்படித்தான் ஆகும். துணைவர் உறுப்பினராகாவிட்டாலும், வாக்குறுதிக்கு முன் அவரைச் சந்தித்துப் பேசும் வழக்கத்தை இப்போது எங்கள் குழுமம் தொடங்கியிருக்கிறது. என் முறை வந்தபோது அவர் பொறுப்பாளரிடம், "முன்பு சண்டை வந்தால் மூன்று நாள் பேச மாட்டார், இப்போது ஒரு நாள்தான்" என்று சொன்னாராம். இந்த மதிப்புரைக்குள் இருக்கும் ஒரே புள்ளிவிவரம் அது.

வேறு குறைகளும் உண்டு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். இளையவர் ஒருவர் வந்தால் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு அன்பால் திணறடித்து, மூன்றாம் கூட்டத்திலேயே அவருக்கு ஒரு பொறுப்பையும் கொடுத்து, நான்காம் கூட்டத்துக்கு அவர் வராதபடி செய்துவிடுகிறோம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு நான்கு மணி நேரக் கூட்டம் ஒத்துவராது, அதற்கு மாற்று இதுவரை இல்லை. ஆண்டுத் தியானம் மட்டும் குறை சொல்ல முடியாதபடி நடக்கிறது.

விலகுவதைப் பற்றிப் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நாங்கள் கொடுக்கும் வாக்குறுதி துறவியரின் வார்த்தைப்பாடு போன்றது அல்ல. கொடுத்த பின்னும் நாம் பொதுநிலையினரே, திருமணமோ சொத்தோ தொழிலோ அதனால் எந்த மாற்றமும் அடைவதில்லை. பயிற்சிக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். என்னோடு தொடங்கிய ஐவரில் இருவர் அப்படி நின்றார்கள். ஒருவர் இன்னும் எங்கள் செபத் தோழர். மற்றவர் வேறொரு ஆன்மிகக் குடும்பத்தில் தமக்கு ஏற்ற இடத்தைக் கண்டுகொண்டார், எங்களைவிட நன்றாகவே இருக்கிறார்.

செபம் கற்றுக்கொள்ள மட்டும் விரும்புபவருக்கு ஒரு நல்ல தியானமும் ஆன்மிக வழிகாட்டியும் போதும், குழுமம் வேண்டியதில்லை. சேவை செய்ய மட்டும் விரும்புபவருக்கு, 1833 முதல் ஏழைகளின் வீடு தேடிச் செல்லும் வின்சென்ட் தெ பால் சபை (முன்பு சொன்ன குருக்கள் சபை அல்ல, பொதுநிலையினரின் அமைப்பு) போன்ற அமைப்புகள் இதைவிட நேரடியானவை. ஒரே ஆட்களோடு, அவர்களில் சிலரைப் பிடிக்காமலும், பத்து இருபது ஆண்டுகள் ஒரே மரபுக்குள் வளர ஆசை உள்ளவர்களுக்கே இது. அப்படிப்பட்டவர்கள் முதலில் ஓராண்டு விருந்தினராக வாருங்கள். குருவானவர் இல்லாத ஒரு கூட்டத்துக்காவது வந்து பாருங்கள்.

சென்ற மாதம் முதலாண்டுப் பயிற்சியின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முதல் வேலையாக அறிமுகத் தாளைத் திருத்தி எழுதி, நிறுவுநரின் படத்துக்குக் கீழே "மாதம் நான்கு மணி நேரம், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதைப் பார்த்தால் யாரும் வர மாட்டார்கள் என்று ஆலோசனைக் குழுவில் இருவர் சொன்னார்கள். வருகிறவர்களாவது நிற்பார்கள் என்று அந்த அம்மையார் சொன்னார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.